ஓய்வு எடுத்தே இழந்த பலம்

2024 பங்குனிப் பெருவிழா. அறுபத்து மூவர் அன்று மயிலாப்பூரில் நிற்க இடமில்லை. வடக்கு மாட வீதியில் மூடியிருந்த ஒரு கடையின் வாசல் படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். முழங்கால் உயரம்கூட இல்லாத படி. மேளச் சத்தம் நெருங்கியதும் எழப் பார்த்தேன், முடியவில்லை. வலி இல்லை, தலைசுற்றல் இல்லை, மூச்சும் வாங்கவில்லை. தொடைக்குச் சொல்கிறேன், தொடை கேட்கவில்லை. இன்னொரு தடவை முயன்றேன். இடுப்பு நான்கு விரல் மேலே வந்து அப்படியே திரும்ப உட்கார்ந்துவிட்டது. பக்கத்தில் பூ கட்டிக்கொண்டிருந்த அம்மா பார்த்துவிட்டார். "இன்னாம்மா, எந்திரிக்க முடியலியா? இரு" என்று நாரைக் கீழே வைத்துவிட்டு வந்து, அக்குளில் கை கொடுத்து என்னைத் தூக்கி நிறுத்தினார். அவருக்கு என்னைவிடப் பத்து வயதாவது கூட இருக்கும்.

எனக்கு அப்போது 61. அன்று இரவு வீட்டில் சொன்னபோது எல்லோரும் ஒரே பதில்தான் சொன்னார்கள்: "வயசாச்சு இல்ல, அப்படித்தான் இருக்கும்." நானும் சரி என்று விட்டிருப்பேன். அந்தப் பூக்கார அம்மாவின் கையில் இருந்த உறுதிதான் என்னை அப்படி விட்டுவிட விடவில்லை. வயதுதான் காரணம் என்றால் அவருக்கு எப்படி அந்தப் பலம்?

கதை மூன்றரை மாதம் முன்னால், 2023 டிசம்பரில் தொடங்குகிறது. மிக்ஜாம் புயலின்போது மேற்கு மாம்பலத்தில் எங்கள் தெருவில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர். கரண்ட் இல்லை. கீழ் வீட்டிலிருந்து அரிசி, பருப்பு, மெத்தை, மிக்ஸி எல்லாவற்றையும் மாடிக்கு ஏற்றியதில் நானும் ஒரு ஆள். அதை யோசித்தால் இப்போதும் ஆச்சரியமாக இருக்கிறது. டிசம்பரில் அரிசி மூட்டையை ஒரு பக்கம் பிடித்துப் படி ஏறிய அதே பெண்தான் மார்ச்சில் படியிலிருந்து எழ முடியாமல் உட்கார்ந்திருந்தாள். நடுவில் வந்தது காய்ச்சல். அது நிமோனியாவாகி ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தேன்.

சிகிச்சையில் குறை சொல்ல ஒன்றுமில்லை, உயிரைக் காப்பாற்றினார்கள். ஆனால் டிஸ்சார்ஜ் அன்று சொன்னது ஒரே வரி: "வீட்டுக்குப் போய் நல்லா ரெஸ்ட் எடுங்க." எத்தனை நாள், எப்படி, எப்போது நடக்க ஆரம்பிப்பது என்று யாரும் சொல்லவில்லை. எங்களுக்கும் கேட்கத் தோன்றவில்லை. வீட்டில் அந்த ஒரு வரியைக் கட்டளையாக எடுத்துக்கொண்டார்கள். தண்ணீர் சொம்பு கைக்கு வந்தது, சாப்பாட்டுத் தட்டு கட்டிலுக்கு வந்தது. மருமகள் என்னை ஒரு டம்ளர்கூடக் கழுவ விடவில்லை. சாப்பாடும் நோயாளிச் சாப்பாடு: காலையில் பிரெட், மதியம் ரசம் சாதம், ராத்திரி கஞ்சி. பாசத்தில் செய்ததுதான், யாரையும் நோக மாட்டேன். ஆறு வாரம் அப்படிப் போனது.

ஆஸ்பத்திரிக்குப் போகும் முன் என் எடை 58 கிலோ. வீட்டுக்கு வந்தபோது 54. மாசி மாதத்தில் 57 ஆனது. "நல்லா தேறிட்டீங்க" என்றார்கள், நானும் நம்பினேன். போனதில் சதையும் இருந்தது, திரும்பி வந்ததில் பெரும்பகுதி கொழுப்பு என்பது அப்புறம்தான் புரிந்தது. எடைக் கருவிக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

இப்போது திரும்பிப் பார்த்தால் அந்த மாதங்களில் உடம்பு வரிசையாகச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. குக்கர் மூடியைத் திருக முடியவில்லை. ரப்பர் புதுசு என்று நினைத்தேன். பஸ் ஏறும்போது காலால் ஏறாமல் கம்பியைப் பிடித்துக் கையால் உடம்பை இழுத்துக்கொண்டேன். படி உயரம் என்று நினைத்தேன். பாத்ரூமில் குழாயைப் பிடித்துத்தான் எழுந்தேன். மாவு டப்பாவைத் தலைக்கு மேலுள்ள அலமாரியில் வைக்காமல் மேடையிலேயே விட ஆரம்பித்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் கையில் இருந்ததால் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கவில்லை. இத்தனைக்கும் நடுவில், படுக்கையை விட்டு எழுந்த பிறகு, தினமும் நடேசன் பூங்காவில் அரை மணி நேரம் நடந்துகொண்டும் இருந்தேன். நடக்கிறோமே, அது போதாதா என்ற எண்ணம்.

எங்கள் ஏரியாவில் நாங்கள் வழக்கமாகப் பார்க்கும் டாக்டரம்மாவிடம் போனேன். "வீக்கா இருக்கு டாக்டர்" என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "வீக்னஸ்னு எல்லாரும் சொல்றாங்க. அசதியைச் சொல்றாங்க, மூட்டு வலியைச் சொல்றாங்க, மூச்சு வாங்கறதையும் அப்படித்தான் சொல்றாங்க. உங்களுக்கு எது?" என்று கேட்டார். பிறகு அவர் அடுக்கிய கேள்விகள் எனக்கு இன்னும் நினைவிருக்கின்றன. தலை வார, கொண்டை போடக் கை தூக்க முடிகிறதா? கீழே குந்தி உட்கார்ந்தால் எழ முடிகிறதா? சாதம் பிசைய முடிகிறதா, புடவைக்குப் பின் குத்த முடிகிறதா? நடக்கும்போது செருப்பு காலிலிருந்து கழன்று போகிறதா, போனால் தெரிகிறதா? சாயங்காலம் ஆக ஆக மோசமாகிறதா? இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்கிறதா?

ஒவ்வொரு கேள்விக்கும் அர்த்தம் உண்டு என்பதை அவரே விளக்கினார். தோளும் தொடையும் பலம் குறைந்தால் தலை வாருவதும் குந்தி எழுவதும் முதலில் கஷ்டமாகும். அது பெரும்பாலும் தசையைச் சேர்ந்த பிரச்சினை. விரலும் பாதமும் முதலில் போனால் நரம்பைப் பார்க்க வேண்டும். செருப்பு கழன்றதே தெரியவில்லை என்றால் உணர்ச்சி நரம்பும் சேர்ந்து கெட்டிருக்கலாம், சர்க்கரைக்காரர்களிடம் இதைக் கவனிக்க வேண்டும். ஒரு வேலையைப் பத்து தடவை செய்து ஓய்ந்து போவது அசதி. ஒரு தடவைகூடச் செய்ய முடியாமல் போவது பலக்குறைவு. எனக்கு இரண்டாவது.

ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார்: சர்க்கரை, தைராய்டு, பொட்டாசியம், வைட்டமின் டி, பி12, தசை சிதைந்தால் ரத்தத்தில் ஏறும் சி.கே. என்சைம். என் மாத்திரைச் சீட்டை வாங்கி வரி வரியாகப் பார்த்தார். கொலஸ்ட்ரால் மாத்திரை சிலருக்குத் தசையைப் பாதிக்கும், ஸ்டீராய்டை நீண்ட நாள் எடுத்தாலும் தொடைச் சதை இளைக்கும், சில பிரஷர் மாத்திரைகள் பொட்டாசியத்தை இறக்கும் என்றார். ஆனால் யாரும் தாமாக மாத்திரையை நிறுத்தக் கூடாது என்பதை இரண்டு முறை சொன்னார். எனக்கு மற்றதெல்லாம் சரியாக இருந்தது, வைட்டமின் டி மட்டும் 11. சென்னையில் இருந்துகொண்டு வெயில் சத்துக் குறைவா என்று கேட்டேன். "வெயில் தெருவுலதான இருக்கு, நீங்க உள்ள இருக்கீங்க" என்றார். எட்டு வாரத்துக்கு வாரம் ஒரு மாத்திரை எழுதினார். அதை அதற்கு மேல் இஷ்டத்துக்குத் தொடரக் கூடாது. அளவு மீறினாலும் கெடுதல்தான்.

அப்புறம் ஒரு நாற்காலியைச் சுவர் ஓரமாகப் போட்டு, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு ஐந்து தடவை எழுந்து உட்காரச் சொன்னார். 21 விநாடி ஆனது. ஆசிய நாடுகளின் நிபுணர் குழு 2019இல் வகுத்த அளவுப்படி 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் கவனிக்க வேண்டும். கைப்பிடி பலத்தை ஒரு கருவியில் அளந்தார்: 13 கிலோ. பெண்களுக்கு 18, ஆண்களுக்கு 28, அதற்குக் கீழே என்றால் குறைவு. "சார்க்கோபீனியா" என்று சீட்டில் எழுதினார். வயதோடு வரும் தசை இழப்புக்கு 1989இல் வைத்த பெயராம். கிரேக்கத்தில் சதைக் குறைவு என்று பொருள். முப்பது வயதுக்கு மேல் எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகச் சதை கரையத்தான் செய்கிறது, பலம் அதைவிட வேகமாகக் குறைகிறது. ஆனால் எனக்கு நடந்தது அந்த மெதுவான கரைதல் மட்டும் இல்லை. ஆரோக்கியமான வயதானவர்களைப் பத்து நாள் படுக்கையில் வைத்துப் பார்த்த ஓர் ஆய்வில் கால்களில் மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ சதை போயிருந்தது, 2007இல் வந்த ஆய்வு. அவர்களுக்கு நோயே இல்லை. எனக்குக் காய்ச்சலும் சேர்ந்தது, படுக்கையும் பத்து நாளுக்குப் பதில் ஆறு வாரம் ஆனது.

"திரும்ப வருமா?" என்று கேட்டேன். "வரும். ஆனா மாத்திரைல வராது" என்றார்.

அசோக் நகரில் ஒரு பிசியோதெரபி தம்பியிடம் அனுப்பினார். வாரம் மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள். முதல் நாளே அவர் என் நடைப்பயிற்சி நம்பிக்கையை உடைத்தார். நடப்பது இதயத்துக்கு நல்லது, சர்க்கரைக்கு நல்லது, விட வேண்டாம். ஆனால் படியிலிருந்து எழத் தேவையான தொடைப் பலத்தை அது தராது. தசை வளர வேண்டுமானால் அதற்குச் சுமை வேண்டும், அந்தச் சுமை மெல்ல மெல்ல ஏற வேண்டும். கடைசி இரண்டு எண்ணிக்கை கஷ்டமாக இருந்தால்தான் அது பயிற்சி என்றார்.

ஆரம்பித்தது நாற்காலியில்தான். இருக்கையின் மேல் இரண்டு தலையணை. பாதத்தைக் கொஞ்சம் பின்னால் இழுத்து, முன்னால் குனிந்து, "மூக்கு கால் கட்டைவிரலுக்கு நேரா வரட்டும்மா, அப்புறம் தரையை அமுக்கி எந்திரிங்க" என்பார். அறுபத்தொரு வருஷமாக எழுந்துகொண்டுதான் இருந்தேன், ஆனால் முதுகை நிமிர்த்தியபடியே எழப் பார்ப்பதுதான் என் தவறு என்பது அன்றுதான் தெரிந்தது. குனிந்தால் பாரம் காலுக்கு வருகிறது. உட்காரும்போது மூன்று எண்ணிக்கையில் இறங்க வேண்டும், தொப்பென்று விழக் கூடாது. இறங்கும்போது தசை தாங்கிப் பிடிக்கிறதே, அதுவும் வேலைதான். சத்தமாக எண்ணச் சொல்வார், மூச்சை அடக்கக் கூடாது என்பதற்காக. எட்டு தடவை, இரண்டு சுற்று. முதல் வாரம் தொடை நடுங்கியது. முதல் தலையணையை எடுக்க மூன்று வாரமும் இரண்டாவதை எடுக்க இன்னும் இரண்டு வாரமும் ஆயின.

மற்றவை எளிமையானவை. அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவதைப் பால் பொங்கும் வரை செய்வேன். சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, மாடிப்படியின் முதல் படியில் ஏறி இறங்குவது, ரப்பர் பட்டையை இழுப்பது. கணுக்காலில் கட்டும் எடை வாங்கும் வரை, ஒரு கிலோ உப்பு பாக்கெட்டைத் துணிப்பையில் போட்டுக் காலில் மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டினேன். பிறகு இரண்டு மஞ்சப்பையில் இரண்டிரண்டு கிலோ போட்டு, இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு வராந்தாவில் நடப்பது. கைப்பிடி பலத்துக்கு அதைவிட நல்லது நான் பார்க்கவில்லை. சதை வலி ஒன்றிரண்டு நாள் இருந்தால் பயப்பட வேண்டாம். மூட்டு வீங்கினாலோ நெஞ்சு அழுத்தினாலோ தலை சுற்றினாலோ உடனே நிறுத்த வேண்டும். பிரஷர், இதயப் பிரச்சினை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் எடை தூக்கக் கூடாது.

நான்காவது வாரம் 21 விநாடி 16 ஆனது. எனக்குத் தாங்க முடியாத சந்தோஷம். கண்ணாடியில் கால் மட்டும் அப்படியே இருந்தது. முதல் சில வாரம் வரும் பலம் நரம்பு கற்றுக்கொள்வதால் வருவது, சதை அப்புறம்தான் ஏறும் என்று தம்பி விளக்கினார். பலர் இங்கேதான் விட்டுவிடுகிறார்களாம், ஒன்றும் தெரியவில்லையே என்று. எனக்கு உற்சாகம் குறைந்த ஒருநாள் அவர் சொன்ன செய்தியைப் பிறகு என் மகனைத் தேடிப் பார்க்கச் சொல்லி உறுதி செய்துகொண்டேன். அமெரிக்காவின் பாஸ்டனில் முதியோர் இல்லத்தில் இருந்த, தொண்ணூறு வயதையொட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால் பலப் பயிற்சி கொடுத்தார்கள். முடித்த ஒன்பது பேரின் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. 1990இல் வெளியான ஆய்வு. தொண்ணூறில் முடியும் என்றால் அறுபத்தொன்றில் நான் எதற்காக ஒதுங்க வேண்டும்?

சாப்பாட்டுக்கு வருகிறேன், எனக்கு அதிகம் கண் திறந்தது இதில்தான். ஒருநாள் சாப்பிட்டதையெல்லாம் நோட்டில் எழுதச் சொன்னார் டாக்டரம்மா. மூன்று இட்லி, சட்னி. சாதம், தண்ணியான சாம்பார், ரசம், கொஞ்சம் மோர். சாயங்காலம் காபியும் மூன்று பிஸ்கட்டும். ராத்திரி இரண்டு சப்பாத்தி, உருளைக்கிழங்கு. வயிறு நிறைந்த சாப்பாடு. கூட்டிப் பார்த்தால் புரதம் முப்பது கிராம் சொச்சம். வயதானவர்களுக்கு ஒரு கிலோ எடைக்கு 1 முதல் 1.2 கிராம் வரை வேண்டும் என்பது முதியோர் ஊட்டச்சத்து நிபுணர்களின் பரிந்துரை. அதன்படி எனக்கு அறுபதாவது வேண்டும். பாதியில்தான் ஓடிக்கொண்டிருந்தேன். வயதாக ஆகக் குறைவாகச் சாப்பிட வேண்டும் என்று நாம் பழகியிருக்கிறோம். சோற்றைக் குறைக்கலாம். பருப்பையும் முட்டையையும் குறைக்கத் தேவையில்லை.

புரத மாவு எதுவும் வாங்கவில்லை. காலையில் இட்லியை இரண்டாக்கி, கூட இரண்டு முட்டை. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம். முட்டை வேண்டாத நாளில் பெசரட்டு அல்லது அடை. மதியம் சாம்பார் தவிர ஒரு கரண்டி கெட்டிப் பருப்பு, ஒரு கப் தயிர், வாரத்தில் இரண்டு நாள் மீன். சாயங்காலம் பிஸ்கட்டுக்குப் பதில் சுண்டல்: கொண்டைக்கடலை, பச்சைப்பயறு, கொள்ளு என்று மாற்றி மாற்றி. நவராத்திரிக்கு ஒன்பது நாள் செய்வதை வருஷம் முழுக்கச் செய்கிறேன். சுத்த சைவம் என்றால் பனீரும் சோயாவும் இருக்கின்றன. ஒரே வேளையில் குவிக்காமல் மூன்று வேளைக்கும் பிரித்துக்கொள்வது நல்லது. சிறுநீரகப் பிரச்சினை இருப்பவர்கள் மட்டும் என் கணக்கை எடுக்க வேண்டாம். அவர்களுக்கு அளவு வேறு, டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

ஆறாவது மாதம் நாற்காலிக் கணக்கு 12க்குக் கீழே வந்தது. கைப்பிடி 19. ஆனால் நேர்க்கோடாக ஏறவில்லை. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் மழை, அதையொட்டி வீட்டில் ஒரு கல்யாண வேலை என்று மூன்று வாரம் விட்டுவிட்டேன். திரும்ப அளந்தபோது நாற்காலிக் கணக்கு 14 விநாடி. மனசு கஷ்டமாக இருந்தது. எடையைக் கொஞ்சம் குறைத்து ஆரம்பித்து, ஒரு மாதத்தில் பழைய இடத்துக்கு வந்தேன். முதல் தடவைக்கு ஆன காலத்தில் பாதிகூட ஆகவில்லை.

தரையிலிருந்து எழுவதைத் தனியாகப் பழகினேன். விழுந்தால் எழத் தெரிய வேண்டும் என்று தம்பி கட்டாயப்படுத்தினார். மல்லாந்து கிடக்கிறவர் நேராக எழப் பார்க்கக் கூடாது. ஒரு பக்கம் புரண்டு, முழங்கையை ஊன்றி, குழந்தை தவழ்வதுபோல் நான்கு காலில் வந்து, கட்டிலையோ நாற்காலியையோ பிடித்து, பலமான காலின் பாதத்தை முன்னால் ஊன்றி, தள்ளி எழ வேண்டும். பக்கத்தில் ஆள் இருக்கும்போது பழகுங்கள். அடிபட்ட வலி கடுமையாக இருந்தால் எழவே கூடாது, உதவிக்குக் கூப்பிட வேண்டும். பாத்ரூமில் குழாயைப் பிடிப்பதை விட்டு, சுவரில் எஃகுக் கைப்பிடி பொருத்திக்கொண்டேன்.

எல்லாப் பலக்குறைவும் என்னுடையதைப் போல இருக்காது என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் அடுக்ககத்தில் ஒரு பெரியவருக்குச் சாயங்காலமானால் கண் இமை தொங்கும், இட்லியை மெல்லத் தாடை ஓய்ந்துபோகும். தூக்கக் கலக்கம் என்று நினைத்திருந்தார்கள். டாக்டரம்மா கேட்ட கேள்வி நினைவுக்கு வந்து நரம்பு மருத்துவரிடம் போகச் சொன்னேன். மயஸ்தீனியா, அதாவது நரம்பு சொல்வது தசைக்குச் சரியாகப் போய்ச் சேராத நோய் என்று கண்டுபிடித்து மருந்து கொடுத்தார்கள், இப்போது நன்றாக இருக்கிறார். திடீரென்று ஒரு பக்கம் கை கால் விழுந்தால், வாய் கோணினால், பேச்சுக் குழறினால் அது பக்கவாதம். ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் 108ஐக் கூப்பிட வேண்டும். சில நாட்களுக்குள் காலில் ஆரம்பித்து மேலே மேலே பலம் போனாலும், விழுங்கவோ மூச்சு விடவோ சிரமப்பட்டாலும், கால் தளர்ச்சியோடு சிறுநீர் மலம் கட்டுப்பாடு போனாலும் உடனே ஆஸ்பத்திரிதான். அங்கே உடற்பயிற்சிக்கும் சுண்டலுக்கும் வேலை இல்லை.

செலவைப் பார்த்துப் பலர் தயங்குகிறார்கள். கிண்டியில் கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்தில் முதியோருக்கென்றே 200 படுக்கையுள்ள அரசு தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 பிப்ரவரியில் திறந்திருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கிறார்கள். எங்கள் வீட்டில் வேலை செய்யும் பெண்ணின் மாமியார் அப்படித்தான் திரும்ப எழுந்து உட்கார்ந்தார்.

இந்த வருஷம் அக்காவுக்குப் பித்தப்பை ஆபரேஷன். அவளுக்கு 68. நான் கூட இருந்தேன். ஆபரேஷன் முடிந்து டாக்டர் ரவுண்ட்ஸ் வந்ததும் முதல் கேள்வியாகக் கேட்டேன்: "எப்போ எழுந்து நிற்கலாம்? எவ்வளவு நடக்கலாம்? எதைச் செய்யக் கூடாது? எப்போதிலிருந்து முட்டை, பருப்பு கொடுக்கலாம்?" அன்று சாயங்காலமே நடக்க வைக்கலாம், கனமாக மட்டும் எதையும் தூக்க வேண்டாம் என்றார். படுத்திருக்கும்போதே பாதத்தை மேலும் கீழும் ஆட்ட வைத்தேன், தொடையை இறுக்கி ஐந்து எண்ண வைத்தேன். சாயங்காலம் நர்ஸ் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

"ஒரு நாளாவது நிம்மதியா படுக்க விடுடி" என்றாள் அக்கா.

"படுக்கலாம் அக்கா, அந்தக் கவுன்டர் வரைக்கும் போயிட்டு வந்து படுக்கலாம்."

முணுமுணுத்துக்கொண்டே, என் கையைப் பிடித்துக்கொண்டு, கவுன்டர் வரை போய்த் திரும்பினாள். கட்டிலில் உட்காரும்போது மூன்று எண்ணினேன். மெதுவாக உட்கார்ந்தாள்.